மாமிக்கு ஒரு மூன்று சில்லு வண்டி

காலிதீனை நான் முதன்முதலில் கண்டபோது அவர் ஒரு கதவோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

பேராதனையில் கடைசிச் சோதினையை எழுதிவிட்டு நான் சாய்ந்தமருதுக்கு வந்திருந்த கிழமை அது. எண்பதாம் ஆண்டு. எங்கள் ஒழுங்கையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வாப்பா தேயிலை வாங்கக் கடைக்குப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தேயிலை கேட்பார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்டுப் பக்கத்து வளவுக்குப் போனேன். அங்கே சாறனை மடித்துக் கட்டிய, முழங்கை வரை கிறீஸ் பூசிய ஒருவர், பாதி சாத்திய கதவைப் பார்த்து மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நதீரா கடைக்குப் போயிட்டா போல. சூடை மீன் கொணந்து குசினிக்குள்ள வச்சிரிக்கன். பூனை பூந்திரும், அதான் சொல்றன்.”

கதவுக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது. அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ஆரோட காக்கா கதைக்கிறீங்க?” என்றேன். அண்ணனையும் மூத்தவர்களையும் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

“மாமியோட.”

“மாமி எங்க?”

“கதவுக்கு அங்கால.”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. வீடும் வளவும் பெண்ணுக்கு உரியவை. ஒரே கூரைக்குக் கீழே மாமியும் மருமகனும் வருஷக்கணக்காக இருப்பார்கள். ஆனால் பழைய குடும்பங்களில் இரண்டு பேரும் நேருக்கு நேர் கதைக்கமாட்டார்கள். மகள் நடுவில் நின்று இந்தப் பக்கத்துக் கதையை அந்தப் பக்கம் கொடுப்பாள். மகள் இல்லாத நேரம் கதவுதான். காலிதீனின் மாமி சீனத்தும்மா அப்படிப் பழைய குடும்பம். நதீரா அவருடைய ஒரே மகள்.

“ஒரு இருமல் எண்டா ஓம். ரெண்டு இருமல் எண்டா வேணாம். தொண்டையக் கனைச்சா, எனக்கென்ன தெரியும், உங்கட விருப்பம் எண்டு கருத்து,” என்று காலிதீன் பம்பை எடுத்துத் தந்தபடி சொன்னார். “இப்ப நல்ல பழக்கம் தம்பி. சண்டையே வாறதில்ல.”

ஆள் மருதமுனை. நெசவாளர் வீட்டில் நாலு ஆண் பிள்ளைகளில் கடைசி. சின்ன வயதில் தறியில் கொண்டுபோய் இருத்தினால் நெய்யமாட்டாராம். மிதிகட்டைக்குக் கீழே படுத்துக்கொண்டு எது எதை இழுக்கிறது என்று பார்ப்பாராம். வாப்பா சலித்துப்போய்க் கல்முனையில் முகைதீன்பாவா காக்காவின் சைக்கிள் கடையில் விட்டுவிட்டார். அங்கேதான் அவருக்குக் கையும் மனமும் ஓடின. நான் அறிந்த காலத்தில் அந்த வளவுக் கிணற்றுக்குச் சைக்கிள் சில்லொன்றில் கப்பி செய்து பூட்டியிருந்தார். கோழிக்கூட்டுக் கதவு குசினியிலிருந்து கயிறு இழுத்தால் திறந்தது. சில நாள் கயிறு இழுக்காமலும் திறந்தது.

நான் பேராதனையில் இருக்கையில் அவர் கலியாணம் முடித்த வருஷமே சூறாவளி வந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி என்றால் எங்கள் கரையில் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்த வீட்டுக் கதை, சுவர் விழுந்து சீனத்தும்மாவின் இடுப்பெலும்பு உடைந்தது. மாதக்கணக்காகக் கிடந்து எழும்பினார். எழும்பி இருக்க முடிந்தது, நடக்க முடியவில்லை. பகலெல்லாம் வாங்கில், அந்த நீளப் பலகை இருக்கையில், இருப்பார். இறங்க வேண்டுமென்றால் கையை ஊன்றி அரக்கி அரக்கித் தானே இறங்குவார். ஐம்பது வயதைத் தாண்டாத மனுஷி, தன் வயல் காணியைத் தானே போய்ப் பார்த்துவந்த மனுஷி, ஒருத்தரையும் தூக்கவிடமாட்டார்.

நிந்தவூரில் அவருக்கு ஒரு தங்கச்சி, சுஹறா. நதீராவுக்குச் சாச்சி. எண்பதின் தொடக்கத்தில் சாச்சிக்கு வாதம் அடித்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. சாச்சா முன்பே மவுத்து. பிள்ளைகள் மூன்றும் ஆண். மூன்று பேரும் கலியாணம் முடித்து வழக்கப்படி பெண்சாதி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மாறி மாறி வந்து பார்ப்பார்கள், மருந்து வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்தில் கிடக்க ஆள் இல்லை. பெண்பிள்ளை இல்லாத வீடு எங்கள் ஊர்களில் அப்படித்தான் வெறுமையாகிப்போகும்.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சீனத்தும்மாவுக்கு ஒரே கதை. “என்னக் கொண்டுபோய் அவள்கிட்ட உடுங்க. அவள்ற முகத்தப் பாக்கோணும்.”

எப்படிக் கொண்டுபோவது? பஸ் படியில் ஏற முடியாது. ஒரு தடவை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய், குலுங்கிய குலுக்கத்தில் வழி நெடுக அழுதிருக்கிறார். வாடகைக் காருக்குள் ஏறினால் பெற்றோல் மணத்துக்கு வாந்தி எடுப்பார், எடுத்தால் இடுப்பு விண்விண்ணென்று வலிக்கும். நதீரா போய்ப் பார்த்துவிட்டு வந்து சாச்சியின் கதையைச் சொல்லுவாள். மாமி கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

காலிதீன் இதெல்லாவற்றையும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெற்றோல் மணக்கப்படா. குலுங்கப்படா. ஆரும் தூக்கப்படா,” என்று ஒரு நாள் என்னிடம் விரலை மடக்கினார். “அப்ப மிச்சம் என்ன தம்பி? மூணு சில்லு, ஒரு செயின், எண்ட ரெண்டு கால்.”

“மாமிக்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னா ரெண்டு இருமல் வரும். செஞ்சு முடிச்சிட்டுச் சொல்லுவம்.”

வளவின் பின்பக்கம், முருங்கை மரத்துக்குக் கீழே வேலை தொடங்கியது. கடையில் கழித்துப்போட்ட சைக்கிள்களிலிருந்து மூன்று சில்லு வந்தது. மருதமுனையில் வாப்பாவின் உடைந்த தறியிலிருந்து இரண்டு நீளக் கட்டை வந்தது. முன்னுக்கு ஒரு சில்லு, அதன் மேல் காலிதீன். பின்னுக்கு இரண்டு சில்லு, அவற்றுக்கு நடுவில் மாமியின் இருக்கை. இருக்கைக்குக் கீழே பழைய சீற்றுகளின் சுருள்கம்பிகள். ஒரு பக்கக் கைப்பிடியைத் தூக்கி மடக்கலாம். மாமியை அளக்க முடியாது, ஆகவே மாமி இருக்கும் வாங்கை அளந்தார். வீட்டு வாசற்படியை அளந்தார். இரண்டுக்கும் பொருந்த இருக்கையை வைத்தார். படியிலிருந்து மாமி அரக்கினால் நேரே வண்டிக்குள் இருப்பார், ஒரு கை பட வேண்டியதில்லை.

இருக்கை பின்னோக்கிப் பார்த்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“முன்னுக்குப் பாத்து இருந்தா எண்ட முதுகப் பாத்துக்கிட்டே போகோணும். மாமிக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம்.”

முகைதீன்பாவா காக்கா ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்தார். “என்னடாப்பா, ஐஸ்பழம் விக்கப் போறியா?”

“இல்ல காக்கா.”

“அப்ப சந்தூக்கா? மையத்துக் கொண்டுபோறத்துக்கா?”

“வாயக் கழுவுங்க காக்கா. மாமி நிந்தவூருக்குப் போறத்துக்கு.”

முகைதீன்பாவா காக்கா குனிந்து செயினை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு, “கடையில நல்ல செயின் ஒண்டு கிடக்கு, அதப் போடு. இது அறுந்திரும்,” என்றார்.

வண்டி முடிந்த நாள்தான் தெரிந்தது, காலிதீன் வாங்கை அளந்தார், படியை அளந்தார், வேலி வாசலான கடப்பை அளக்க மறந்துவிட்டார். எங்கள் வளவுகளின் கடப்பு, ஆள் ஒருவர் நுழைகிற அளவுதான் இருக்கும். மாடு வராமல் கீழே குறுக்குக் கட்டையும் போட்டிருப்பார்கள். வண்டி அதில் பாதிகூட நுழையாது. வேலியை வெட்ட வேண்டும். வேலி மாமியின் வேலி. வந்து குடியிருக்கும் மாப்பிள்ளை மாமியின் வேலியில் கத்தி வைப்பதா? காலிதீன் இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் நதீராவை அனுப்பினார்.

உள்ளே மாமியின் குரல் முற்றம் வரை கேட்டது. “வேலி எண்ட வேலி. வண்டி எனக்குச் செஞ்ச வண்டி. வெட்டாம மேலால பறக்கப் போறாராமா? கேளு.”

நதீரா வாசலுக்கு வந்தாள். “உம்மா சொல்றா...”

“கேட்டிச்சு,” என்றார் காலிதீன். “இவவுக்கு எப்படித் தெரியும்?”

“எண்ட வாங்கை அளந்த ஆள் வேற என்னத்துக்கு அளந்திருப்பாரு எண்டு உம்மா கேக்கா.”

வேலியை வெட்டினோம்.

மாமியை ஏற்றுவதற்கு முன் ஓடிப் பார்க்க வேண்டும். மாமியின் நிறை என்ன என்று யார் கேட்பது? நதீரா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உம்மா இவங்கள உடப் பாரம். மடியில கால்வாசி மூட்டை அரிசி வச்சாச் சரியா வரும்,” என்றாள். அப்படியாக, பேராதனைப் பட்டதாரியான நான் மாமியின் இருக்கையில், மடியில் அரிசிச் சாக்கோடு ஏறினேன். சுற்றிவரப் பிரம்பு வளைத்துக் கட்டி மருதமுனைச் சீலையால் திரை போட்டிருந்தது. கோஷா இல்லாமல் மாமி வெளிக்கிடமாட்டார் என்பதால் திரை தரை வரைக்கும் இருந்தது.

ஒழுங்கை தாண்டிக் கடற்கரை ரோட்டுக்கு வந்ததும் யாரோ கூவினார்கள். “டேய், காலிதீன் ரெண்டாங் கலியாணம் முடிச்சிட்டான்! பொண்ணு உள்ளுக்கு இரிக்கி!” திரைக்குள் நான் சாறனை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த நேரம் கடற்காற்று ஒன்று வந்தது. திரை முழுவதும் தோணிப் பாய் மாதிரி உப்பியது. வண்டி காலிதீனின் பேச்சைக் கேட்காமல் ரோட்டைவிட்டுக் கிறுகி, ஒருவருடைய கிடுகு வேலிக்குள் தலையைக் கொடுத்து நின்றது. அரிசியின் பாதி மணலில். வீட்டுக்காரர் ஓடி வந்து திரையை விலக்கினார். “பொண்ணு எங்கடா? இது மீசை வச்சிருக்கு!”

அன்று பின்னேரம் நதீரா திரையைப் பிரித்தெடுத்தாள். பக்கங்களுக்கு அரைவாசிச் சீலை, மிச்சத்துக்குக் கட்டிலில் கட்டும் நுளம்பு வலை. காற்று ஊடே போகும். வெளியிலிருந்து பார்த்தால் நிழல் மாதிரித் தெரியும், உள்ளிருந்து பார்த்தால் ஊர் தெளிவாகத் தெரியும். அந்த வேலையைப் பார்த்து காலிதீன் சொன்னது: “நான் சில்லப் பாத்தன். நீ காத்தப் பாத்திரிக்காய்.”

ஒரு பிரச்சினை மிச்சம். போகும் வழியில் மாமிக்கு ஏதாவது வேண்டுமென்றால் எப்படிச் சொல்லுவார்? அங்கே கதவும் இல்லை, நதீராவும் இல்லை. சாச்சி வீட்டைத் துப்புரவாக்கி வைக்க நதீரா முதல் நாளே பஸ்ஸில் போய்விடுவதாக ஏற்பாடு. காலிதீன் மாமியின் கைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் மணி பூட்டினார். பஸ் கொண்டக்டர் முறை. ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ.

சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறுமுன் வெளிக்கிட்டோம். படியில் வண்டியை அணைத்து வைத்துவிட்டு, காலிதீன் தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அதே மரத்தைப் பார்த்தேன். பின்னால் சீலை உரசும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், “பிஸ்மில்லா” என்ற குரல், பிறகு சுருள்கம்பிகள் மெல்ல அமுங்கும் சத்தம். மணி இரண்டு தரம் அடித்தது.

ஒழுங்கை நெடுக வேலிகளுக்கு மேலால் முக்காட்டுத் தலைகள். “சீனத்தும்மா ராத்தா, எங்க போறீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். வலைக்குள்ளிருந்து பதில் வந்தது. “தங்கச்சியப் பாக்க. நான் போறன்.” அந்த ‘நான் போறன்’ என்பதைச் சொல்லி எத்தனை காலம் ஆகியிருக்கும்.

நாயும் ஆடும் குறுக்கே வராமல் பார்க்க நான் முன்னால் சைக்கிளில் போனேன். பெரிய ரோட்டில் ஏறிக் காரைதீவுப் பக்கம் திரும்பினோம். அறுவடை முடிந்து ரோட்டோரமெல்லாம் நெல் காயப்போட்டிருந்தார்கள். ரோட்டில் குழி வந்தால் மணி தானே ஒரு தரம் அடித்தது. காலிதீன் நிற்பார். மாமி இரண்டு அடிப்பார். போவார். நாலு குழிக்குப் பிறகு இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. குழியில் அடிக்கும் மணியைக் கணக்கெடுக்காமல் காலிதீன் மிதித்தார்.

காரைதீவு நடுவில் மணி கேட்டது. பிறகு இன்னொன்று. இரண்டென்றால் போ. காலிதீன் எழும்பி நின்று மிதித்தார். மணி விடாமல் அடித்தது. “மாமி இன்னும் சுறுக்காப் போகச் சொல்றா போல!” என்று எனக்குக் கத்திச் சொல்லிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“மனே! காலிதீன் மனே! நில்லுங்க, சில்லு கழலுது!”

காலிதீன் பிறேக்கை அழுத்தினார். வண்டி ஒரு பக்கம் சரிந்து, காயப்போட்ட நெல்லின் ஓரத்தில் உழுதபடி நின்றது. பின் சில்லின் நட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. சில்லு வெளியே வர விரற்கடை அளவு மிச்சம். பின்னோக்கி இருந்த மாமி அது ஆடுவதை வலையூடே பார்த்திருக்கிறார். நிற்கச் சொல்லி மணியை ஒன்று அடித்திருக்கிறார். ஆடிய ஆட்டத்தில் மணி தானே மற்றதையும் அடித்துவிட்டது.

காலிதீன் ஓடிவந்து வலைக்கு முன்னால் நின்றார். முழுதாகத் திரும்பி, நேருக்கு நேர். “மாமி, நோவா? அடிபட்டிச்சா?”

“எனக்கொண்டுமில்ல. உங்களுக்கு?”

“இல்ல மாமி.”

அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் தாங்கள் கதைத்துவிட்டது விளங்கியது. காலிதீன் தலையைக் குனிந்தார். மாமி முக்காட்டை இழுத்தார். ஆனால் வந்த கதையைத் திரும்ப விழுங்க முடியுமா? மாமிதான் முதலில் சிரித்தார். “அந்த மணியக் கழட்டி எறிங்க மனே. வாய் இரிக்கக்குள்ள மணி எதுக்கு?”

நெல்லுக்காரர் மரப்பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பெயர் கனகரெத்தினம். எங்கள் வண்டியையும் தன் நெல்லையும் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“இது என்ன தம்பி, விமானமா?”

“மாமியத் தங்கச்சி ஊட்ட கொண்டு போறன் அண்ணன். நெல்லச் சிந்திட்டன், அள்ளித் தாறன்.”

“நெல்லு கிடக்கட்டும். அம்மா வெயிலுக்குள்ள இருக்கிறா.” அவர் தன் சைக்கிளைச் சரித்து, அதன் பின் சில்லு நட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “வரக்குள்ள தந்தாப் போதும். நான் இண்டைக்கு நெல்லை விட்டு எங்கயும் போகேலா.” அவருடைய மனைவி வலைக்குள் செம்பில் தண்ணீர் நீட்டினார்.

அங்கிருந்து நிந்தவூர் வரைக்கும் வயல்வெளி. காலிதீன் மெல்ல மிதித்தார். நானும் பக்கத்திலேயே போனேன். முதுகும் முதுகுமாக இருந்த இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“மெல்லப் போங்க மனே. உங்கட மூச்சு இஞ்ச கேக்கிது.”

“பாரமில்ல மாமி.”

ஒரு மதகு தாண்டியது. பிறகு, “மருதமுனையில உங்கட உம்மாவ ஆரு பாக்காங்க?”

காலிதீனின் கால் ஒரு சுற்று நின்று திரும்பவும் மிதித்தது. “பெரிய காக்கா போய் வாறாரு. பக்கத்து ஊட்டுப் புள்ள ஒண்டு சோறு குடுக்கிறா.”

“நாலும் ஆம்புள.”

“ஓம் மாமி. நாலும் ஆம்புள.”

“ரெண்டு வருஷமா இதக் கேக்கோணும் எண்டு நினைச்சன். நதீராவ நடுவுல உட்டுக் கேக்கிற கேள்வியா மனே இது?”

காலிதீன் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். சாறன் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வியர்வையும்தான்.

சாச்சி வீட்டில் வண்டியைப் படியோடு அணைத்தோம். மாமி தானே அரக்கி இறங்கி, தானே அரக்கி அறைக்குள் போனார். கட்டிலில் ஒரு பக்கம் சரிந்து கிடந்த சாச்சி தலையை மட்டும் திருப்பினார். கோணிய வாயிலிருந்து கதை இழுபட்டு வந்தது.

“ராத்தா... எதுல வந்த?”

மாமி தங்கச்சியின் விளங்கும் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். “எண்ட மருமகன்ட கால்ல வந்தன் புள்ள.”

மாமி அன்று திரும்பவில்லை. ஒரு கிழமை தங்கினார். கட்டிலையும், கரி பிடிக்காத அடுப்பையும், மாறி மாறி வந்து நின்று போகும் ஆண் பிள்ளைகளையும் பார்த்தார். கூட்டிக்கொண்டு போகக் காலிதீன் வந்தபோது கதவுக்குப் பின்னால் போகவில்லை. முன்னுக்கே இருந்து கேட்டார்.

“மனே, இவளையும் இதுல ஏத்த ஏலுமா?”

“இவக்கு இருக்கேலா மாமி. சாஞ்சு கிடக்கோணும்.”

“அப்ப சாயிற மாதிரிச் செய்ங்க.”

மாமியை வீட்டில் விட்டுவிட்டு வந்து காலிதீன் இருக்கையைச் சரித்துப் பூட்டினார், விழாமல் அணைக்கச் சீலைப் பட்டி தைப்பித்தார். அடுத்த கிழமை சாச்சியும் அதே வண்டியில் சாய்ந்தமருதுக்கு வந்தார். சாச்சியின் மக்கள் மூன்று பேரும் பின்னால் சைக்கிளில் வந்தார்கள். முதல் பயணத்தன்றே நட்டைத் திரும்ப வாங்கியிருந்த கனகரெத்தினம் காரைதீவில் வண்டியைக் கண்டு, “இப்ப வேற ஆளா? இது பஸ் சேவிஸ்தான்,” என்றார்.

மருதமுனை உம்மாவையும் மாமி அழைப்பித்தார். வந்தார், சில நாள் இருந்தார், சம்பந்தி வீட்டில் எவ்வளவு நாள் இருப்பது என்று சொல்லித் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஜும்ஆ முடிந்தால் காலிதீன் மருதமுனைக்குப் போய்ப் பொழுதுபடத்தான் வருவார். போகாத வெள்ளிகளில் மாமி ஏசுவார், நேரடியாகவே.

கலவரம் தொடங்கி, எங்கள் ஊருக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் நடுவில் ரோட்டில் போய்வருவது முன்போல் இல்லாத காலம் பிறகு வந்தது. காரைதீவுப் பக்கம் அந்த வண்டி இப்போது போவதில்லை.

சுஹறா சாச்சி எண்பத்தாறில் மவுத்தானார். ராத்தாவின் வீட்டில், ராத்தா பக்கத்தில் இருக்க. சீனத்தும்மா இருக்கிறார். காலிதீன் கல்முனையில் முகைதீன்பாவா காக்காவின் கடையை எடுத்து நடத்துகிறார். அவருக்கும் நதீராவுக்கும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆண்.